கோட்டருகே கடிகாரத்தை ஆளுவதற்குத் தமிழில் என்ன சொல்?

வா. (டெக்சஸ்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குள் எனக்கு இரண்டு சொற்கள் வேண்டும்.

"எனக்குப் பிடித்த விளையாட்டு" என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். பாதி வகுப்பு அமெரிக்கக் கால்பந்தைத் தேர்ந்தெடுத்தது. ஒரு பையன் மேசையில் அழிப்பான்களை இரண்டு வரிசையாக அடுக்கி, பென்சில் துருவியைப் பந்தாக வைத்து, 2015 சூப்பர் பௌலின் (ஆண்டின் இறுதி ஆட்டம்) கடைசி நிமிடத்தை எனக்கு நடத்திக் காட்டினான். நியூ இங்கிலாந்து 28, சியாட்டில் 24. சியாட்டிலுக்குப் புள்ளி தரும் எல்லைக்கோட்டைத் தொட ஒரே கெஜம் பாக்கி, கடிகாரத்தில் 26 நொடி, கையில் ஒரு டைம் அவுட் (கேட்டுக் கடிகாரத்தை நிறுத்தும் வாய்ப்பு), மூன்று முயற்சி. ஓடாமல் சியாட்டிலின் குவாட்டர்பேக் (பந்தை முதலில் வாங்கி ஆட்டத்தை நடத்துகிறவர்) ரஸ்ஸல் வில்சன் பந்தை எறிந்தார், எதிரணியின் மால்கம் பட்லர் பறித்துக்கொண்டார். துருவியை எதிர் வரிசை அழிப்பானுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். அவ்வளவு தெளிவாக வாயால் சொன்ன பிள்ளை, தாளில் "குவாட்டர்பேக் கிளாக்கை மேனேஜ் பண்ணவில்லை" என்று எழுதி நிறுத்திவிட்டான்.

குவாட்டர்பேக்குக்கு ஒரு சொல், கோட்டருகே அவர் கடிகாரத்தோடு செய்கிற வேலைக்கு ஒரு சொல். உதவுங்கள்.

இரா. (நியூ ஜெர்சி):

"நேர மேலாண்மை" என்று யாராவது சொல்வதற்கு முன்னால் முந்திக்கொள்கிறேன். அது அலுவலகப் பயிற்சி வகுப்பில் சொல்கிற சொல். அங்கே நேரம் தன் போக்கில் ஓடும், நாம்தான் வேலையை ஒழுங்குபடுத்துகிறோம். இந்த ஆட்டத்தில் கடிகாரத்தையே நிறுத்தலாம், ஓடவிடலாம். எறிந்த பந்து யார் கையிலும் சிக்காமல் விழுந்தால் நிற்கும். கடைசி நிமிடங்களில் பந்தோடு களத்துக்கு வெளியே போனாலும் நிற்கும். களத்துக்குள் மடக்கி வீழ்த்தப்பட்டால் ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்தப் பையனிடம் இதையும் சொல்லுங்கள்: வில்சன் எறிந்ததில் கணக்கு இருந்தது. 26 நொடியில் மூன்று தடவை ஓடிப் பார்க்க ஒரு டைம் அவுட் போதாது. இடையில் ஒன்றை எறிந்தால், பந்து வீணாக விழுந்தாலும் கடிகாரம் நிற்கும், மற்ற இரண்டையும் ஓட முடியும். பறிபோனது வேறு கதை. "மேனேஜ் பண்ணவில்லை" என்பது அவருக்குச் செய்கிற அநியாயம்.

"நேரச் சிக்கனம்" என்பதும் தவறு. 2012 சூப்பர் பௌலில் நியூயார்க் ஜயன்ட்ஸ் 15-17 என்று பின்தங்கியிருந்தது, பந்து கோட்டுக்கு ஆறு கெஜத்தில். அவர்களுக்குத் தேவை நேரத்தைக் கரைப்பது. நேரம் மிச்சமிருக்கும்போதே பந்து தன் கைக்கு வரட்டும் என்று நியூ இங்கிலாந்து வேண்டுமென்றே வழிவிட்டது. கோட்டைத் தாண்டாதே என்று குவாட்டர்பேக் ஈலை மேனிங் கத்துகிறார், அகமத் பிராட்ஷா ஒரு கெஜத்தில் திரும்பி நிற்கப் பார்க்கிறார், வந்த வேகம் அவரைப் பின்புறமாக உள்ளே உட்கார வைத்துவிடுகிறது. 57 நொடி எதிரணிக்கு மிஞ்சியது. 21-17 என்று ஜயன்ட்ஸ் ஜெயித்தது. ஆனால் அந்த 57 நொடி வேண்டாத கொடை. நிறுத்தல், கரைத்தல் இரண்டையும் அடக்குகிற சொல்தான் நமக்கு வேண்டும்.

செ. (மதுரை):

இந்த விளையாட்டை நான் பார்த்ததில்லை, தம்பி எழுதியதை மூன்று முறை படித்தேன். வள்ளுவர் 49ஆம் அதிகாரத்தில் இதைத்தான் சொல்கிறார். "கொக்கொக்க கூம்பும் பருவத்து", கொக்குபோல ஒடுங்கிக் காத்திருப்பது, கரைத்தல். "குத்தொக்க சீர்த்த இடத்து", வாய்த்ததும் அது குத்துவது, எறிதல். தாக்கப் போகிற ஆட்டுக்கடா பின்வாங்குவதை அதே அதிகாரத்தில் "பேரும்" என்கிறார். பந்தை வாங்கியதும் குவாட்டர்பேக் நாலைந்து அடி பின்னால் போகிறாரே, அதற்குப் "பேர்தல்" என்றே வைக்கலாம்.

ஆளின் பெயருக்கு வருகிறேன். கால் என்றால் நான்கில் ஒரு பங்கு. பாதம். காற்று. "வருங்கால்" என்னும்போது பொழுது. காற்பங்கு பின்னால் நிற்பவன், காற்றில் பந்தை விடுபவன், பொழுதை ஆள்பவன், எல்லாம் ஒரே சொல்லில் அடங்கும்: காலாள்.

ந. (டொராண்டோ):

ஐயா, காலாள் என்றால் எல்லோருக்கும் காலாட்படைதான் காதில் விழும். முன்வரிசையில் முட்டி மோதுகிறவர்களுக்கு அந்தப் பெயர் பொருந்தும். அவர்களுக்குப் பின்னால் நின்று களத்தைப் படிக்கிறவருக்குப் பொருந்தாது.

காற்பங்கு விளக்கம் சரிதான். முன்வரிசைக்கும் கடைசி ஆளுக்கும் நடுவில் பாதித் தூரத்தில் நின்றவர் அரைப்பின்னர், அதிலும் பாதியில் நின்றவர் கால்பின்னர். 1880இல் இந்த ஆட்டத்தின் விதிகளை வகுத்த வால்டர் கேம்ப் கொண்டுவந்த விதியில்தான் பந்தை முதலில் வாங்குகிறவருக்கு இந்தப் பெயர் உறுதியானது. அவர் பந்தோடு முன்னால் ஓடக்கூடாது, ஓடினால் தப்பு என்றும் அதே விதி சொன்னது. இன்றைக்கு ஒரு கெஜம் பாக்கி என்றால் அவரே நுழைந்துவிடுகிறார். அதனால் நின்ற இடத்தை வைத்துப் பெயர் சூட்டுவதில் எனக்கு விருப்பமில்லை.

கடிகாரத்தை யாழ்ப்பாணத்தில் மணிக்கூடு என்போம், மேலாண்மை எங்களுக்கு முகாமைத்துவம். "மணிக்கூட்டு முகாமைத்துவம்" என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும்.

கு. (சென்னை):

இங்கே விளங்காது. கடிகாரம் வடசொல் என்று அடுத்து யாராவது எழுதுவார்கள், காலம் தமிழா வடமொழியா என்ற பழைய சண்டையும் கூடவே வரும். தயவுசெய்து வேண்டாம். எனக்குச் சுத்தம் முக்கியமில்லை, புரிவதுதான் முக்கியம். எல்லோரும் சொல்கிற குவாட்டர்பேக்கையே தமிழில் எழுதிவிடலாமே என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்தப் பிள்ளையின் கட்டுரையை ஊரில் தாத்தா படிப்பார். "குவாட்டர்" என்று பார்த்ததும் அவருக்குக் கடை ஞாபகம்தான் வரும். அதனால் தமிழ்ச்சொல் வேண்டும் என்கிற பக்கம் வந்துவிட்டேன்.

பேருந்திலிருந்து எடுப்போம். ஓட்டுநர், நடத்துநர் இரண்டும் எல்லோரும் அறிந்தவை. இவர் "ஆட்டநடத்துநர்".

செ. (மதுரை):

விசில் ஊதிச் சீட்டுக் கிழிக்கிறவர் நடத்துநர். அகநானூறு 255இல் நீகான் வருகிறான். மாடத்து விளக்கொளியைப் பார்த்துத் திசை அறிந்து கலத்தைச் செலுத்துகிறவன். இரவில், காற்றில், கரை நெருங்கும்போது முடிவெடுக்கிறவன். காலாளைக் கைவிடுகிறேன், நீகானைக் கைவிட மாட்டேன்.

பழைய போர்த் திணைகளில் கோட்டையைக் காப்பவர்களுக்கு நொச்சி இருக்கிறது, முற்றுகையிடுகிறவர்களுக்கு உழிஞை. தொல்காப்பியர் இரண்டையும் உழிஞையிலேயே அடக்கினார், புறப்பொருள் வெண்பாமாலைதான் நொச்சியைத் தனித் திணையாக்கியது. கடைசி ஒரு கெஜத்தை நொச்சிக்கெஜம் என்றால் என்ன குறைந்துவிடும்?

இரா. (நியூ ஜெர்சி):

ஐயா, நொச்சி அழகு, ஆனால் இங்கே கேட்டது இரண்டு சொல். நீகானுக்கு ஒரு சாட்சி மட்டும் தருகிறேன். 1967 டிசம்பர் 31, கிரீன் பே, பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரி செல்சியஸ் குளிர். டாலஸ் 17, கிரீன் பே 14. ஏறக்குறைய ஒரு கெஜம், 16 நொடி, கடைசி டைம் அவுட்டும் போய்விட்டது. தரை உறைந்து ஓடுகிறவர்கள் வழுக்குகிறார்கள். கிரீன் பேயின் குவாட்டர்பேக் பார்ட் ஸ்டார் பந்தை இன்னொருவரிடம் கொடுப்பதாகத்தான் சக வீரர்கள் நினைத்திருந்தார்கள். அவர் யாரிடமும் சொல்லாமல் தானே வைத்துக்கொண்டு நுழைந்தார். 21-17.

பந்தைக் காலடியில் அடித்துக் கடிகாரத்தை நிறுத்துவதற்குத் "தரையடி" என்று எழுதுங்கள். ஒரு முயற்சி செலவாகும், நேரம் மிஞ்சும். அதை நடித்துக் காட்டுவது "பொய்த் தரையடி". 1994இல் நியூயார்க் ஜெட்ஸுக்கு எதிராக மயாமியின் குவாட்டர்பேக் டான் மரினோ 22 நொடி இருக்கும்போது தரையடிக்கிற மாதிரி கையைக் காட்டிவிட்டு எறிந்து ஜெயித்தாரே, அதற்கு.

ந. (டொராண்டோ):

தரையடி முதல்தரம். ஒரே தரத்தில் விளங்குகிறது. மற்றச் சொற்களும் அப்படி இருக்க வேண்டாமா?

செ. (மதுரை):

தரையடியை ஏற்கிறேன். கடிகார வேலைக்கு ஒரு குறிப்பு. முல்லைப்பாட்டில் பாசறையில் இருக்கிற அரசனுக்கு, நீர் வடியும் கன்னலைப் பார்த்துப் பொழுது இவ்வளவு என்று அறிவிக்கிறார்கள். "பொழுதளந்து அறியும் பொய்யா மாக்கள்" என்று அவர்களுக்குப் பெயர். போர்க்களத்தில் பொழுது பார்ப்பது நமக்குப் புதிதில்லை. பொழுது என்ற சொல்லில் யாருக்கும் சண்டையில்லை. "பொழுதாட்சி".

கு. (சென்னை):

பொழுதாட்சி பரவாயில்லை. பொழுதுபோக்கு எல்லோருக்கும் தெரியும், அதன் பக்கத்தில் உட்காரும்.

இரா. (நியூ ஜெர்சி):

சரி. பொழுதாட்சி, அதற்குள் நிறுத்தல், கரைத்தல். ஆளுக்கு ஆட்டநடத்துநர். எனக்கு முழுத் திருப்தி இல்லை, ஆனால் நாளை சனிக்கிழமை.

ந. (டொராண்டோ):

மணிக்கூடு போனது கவலைதான். பொழுதாட்சிக்கு என் ஒப்புதல்.

வா. (டெக்சஸ்):

வகுப்பு முடிந்து எழுதுகிறேன். தரையடியைப் பலகையில் எழுதியதுமே பிடித்துக்கொண்டார்கள், இடைவேளையில் ஒருவன் தண்ணீர் பாட்டிலைத் தரையடித்தான். பொழுதாட்சியை நாலைந்து பேர் எழுதியிருக்கிறார்கள், ஒருத்தி "பொழுதை ஆண்டார்" என்று வினையாக்கியிருக்கிறாள், அது எனக்கு இன்னும் பிடித்தது. ஆட்டநடத்துநரை யாரும் தொடவில்லை. எல்லோரும் குவாட்டர்பேக்கின் ஆங்கிலச் சுருக்கமான கியூபி என்றே எழுதினார்கள். திருத்தாமல் விட்டுவிட்டேன். மேசையில் அழிப்பான் அடுக்கிய பையன் தன் கடைசி வரியை அடித்துவிட்டு, "26 நொடிக்கு அவர் போட்ட கணக்கு சரி, பந்துதான் தப்பாகப் போனது" என்று எழுதினான்.

செ. ஐயா, நீகான் கதையையும் சொன்னேன். அந்த மாட விளக்கு எங்கே இருந்தது என்று கேட்டார்கள்.

செ. (மதுரை):

ஊர் அந்தப் பாட்டில் இல்லை, அம்மா. துறை மட்டும் இருக்கிறது, உயர்ந்த மணல் அடைந்த அகலத் துறை. அடுத்த வாரம் பாட்டு முழுவதையும் பிரித்து உரையோடு அனுப்புகிறேன், படித்துக் காட்டுங்கள். கியூபி என்பதை என்னால் ஏற்க முடியாது. பட்டியலில் ஆட்டநடத்துநருக்குப் பக்கத்தில் நீகான் என்றும் இருக்கட்டும்.