றேடியேற்றர் மூடிப் பறவை ஆடுது: ஆட்டம் எந்த இடத்தில்?

கிளிநொச்சி
ஒஸ்ரின் செவின் எண்ட பழைய இங்கிலிசுக் கார் ஒண்டு. றேடியேற்றர் மூடிக்கு மேலே குரோம் பறவை. ஏ9 தார் றோட்டில் பேசாமல் இருக்குது, கிறவல் றோட்டில் இறங்கினால் தலையாட்டுது. மூடியை இறுக்கினால் ஆட்டம் குறையுது, ஆனால் பறவை சாரதிப் பக்கம் திரும்பி நிக்குது. எங்கே கை வைக்கலாம்?

வவுனியா
ஆட்டம் மூன்று இடத்தில்தான் வரும். பறவைக்கும் மூடிக்கும் நடுவில், மூடிக்கும் அது பூட்டுப்படுற றேடியேற்றர்க் கழுத்துக்கும் நடுவில், கழுத்துக்கும் றேடியேற்றரின் மேல் தொட்டிக்கும் நடுவில். எது எண்டு தெரியாமல் பசை பூசுறதுதான் எல்லாரும் செய்யிற வேலை. இரண்டு ரியூப் கலந்து ஒட்டுற பசை கொதிக்கிற தண்ணியின்ர சூட்டில் இளகும். பிறகு அதைச் சுரண்டி எடுக்கத்தான் பாடு.

எஞ்சின் ஆறட்டும். இடக்கையால் மூடியின் விளிம்பை அமத்திப் பிடியுங்கோ. பெருவிரல் நகத்தைப் பறவையின் அடி மூடியில் உட்காருற கோட்டில் வைச்சுக்கொண்டு, மற்றக் கையால் பறவையை அசையுங்கோ. மயிரளவு ஆட்டமும் நகத்தில் தட்டும். பறவை மூடியில் அசையாமல், மூடியோடு சேர்ந்து ஆடினால் மூடிக்கு உள்ளே இருக்கிற வாசர் பழுதாப் போயிட்டுது. கழுத்தே ஆடினால் அதைச் சுற்றிப் பச்சைக் களிம்பு வளையம் தெரியும், அது ஈய ஒட்டு விட்டது. அதை றேடியேற்றர் ஒட்டுறவரிட்டைக் குடுங்கோ. காஸ் நெருப்பை நேரே பிடிச்சால் பக்கத்து ஒட்டுகளும் உருகித் திறக்கும்.

இனிப் பறவை திரும்புற கதை. பறவை ஒற்றைத் தண்டில் நிண்டால் கணக்கே வேண்டாம். மூடியைக் கழற்றி, அடி நட்டைத் தளர்த்தி, முகத்தை நேராக்கி, திரும்ப இறுக்கினால் சரி. அடியில் இரண்டு முளை இருந்து தண்டில் சுழலாது எண்டால்தான் வாசரில் விளையாட வேணும். மூடியில் அங்குலத்துக்கு 12 புரி எண்டு வையுங்கோ: முழுச் சுற்றுக்கு மூடி 2.1 மி.மீ. இறங்கும், கால் சுற்றுக்கு 0.5 மி.மீ. சாரதிப் பக்கம், அதாவது வலப் பக்கம் பார்க்குது எண்டால் கால் சுற்றுக் கூடப் போயிட்டுது, 0.5 மி.மீ. காஸ்கற் கடதாசி ஒண்டு வெட்டி வாசருக்கு அடியில் வையுங்கோ. இடப் பக்கம் பார்த்தால் அதே அளவு மெல்லிய வாசர். உங்கட மூடியின் புரியை அளந்து கணக்கைப் போடுங்கோ, எல்லாம் 12 இல்லை.

வாசருக்கு 2 மி.மீ. கோர்க் நல்லது. லொறி ரியூப் றபரும் வெந்நீர் தாங்கும், எண்ணெய் பட்டால் மட்டும் ஊதிப்போகும். கோர்க் வெட்டமுதல் கழுத்தின் வாய் சமமோ எண்டு பாருங்கோ. விளக்குக் கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைச்சு மூடியின் உள் விளிம்பில் மெல்லிசாய்ப் பூசி, வாசர் இல்லாமல் ஒருக்கா அமத்தி எடுங்கோ. கழுத்தில் கரி ஒட்டாத இடம் பள்ளம். கண்ணாடித் துண்டில் 240 எமரிக் கடதாசி ஒட்டி, பள்ளம் மறையுமட்டும் வட்டமாய்த் தேயுங்கோ. தேய்க்கமுதல் கழுத்துக்குள் துணி அடைக்க மறக்கவேண்டாம், பித்தளைத் தூள் உள்ளே போகும்.

மாங்குளம்
வவுனியா அண்ணை சொன்ன அடி நட்டைப் பற்றி ஒரு சொல். பழைய இங்கிலிசுக் காரில் அந்தத் தண்டு பெரும்பாலும் கால் அங்குலம், பி.எஸ்.எஃப். எண்ட பழைய இங்கிலிசு நுண்புரி, அங்குலத்துக்கு 26. இங்கே கடையில் கிடைக்கிறது எம்6, அதாவது 6 மி.மீ. மெற்றிக் அளவு. அதின்ர புரியும் அங்குலத்துக்கு கிட்டத்தட்ட 25.4. ஆனபடியால் எம்6 போல்ற்றைப் பழைய புரிக்குள்ளே விட்டால் ஏறும், கையுக்கு இறுகின மாதிரியும் காட்டும். ஆனால் குறுக்களவு 6.35 மி.மீ.இல் இருந்து 6க்குக் குறைவு, புரி முழு ஆழத்துக்குப் பிடிக்காது. கிறவல் அதிர்வில் அதே புரியை அரிச்சுப்போடும். பறவையின்ர அடிப்புரி போனால் கடைசல்காரரிட்டைப் பெரிய புரி வெட்டுவிக்க வேணும். அதால கால் அங்குலப் பி.எஸ்.எஃப். பித்தளை நட் இரண்டு தேடி, ஒண்டுக்கு மேல் ஒண்டு இறுக்குங்கோ. இரும்பு நட் உள்ளே இருந்தால் எங்கட கிணத்துத் தண்ணிச் சுண்ணாம்பும் கறலும் சேர்ந்து பூட்டிப்போடும்.

மல்லாவி
இறுக்கமுதல் பறவை என்ன உலோகம் எண்டு பாருங்கோ. அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஊசியால் கீறுங்கோ. மஞ்சள் எண்டால் பித்தளை, ஒட்டலாம், கடையலாம். சாம்பல் எண்டால் துத்தநாக வார்ப்பு. அது 400 பாகை செல்சியசுக்குக் கீழேயே உருகும், ஒட்டுறவர் நெருப்பைக் காட்டினவுடனே முகம் வழிஞ்சு போகும். தண்டை அளவுக்கு மிஞ்சி இறுக்கினாலும் அடி வெடிக்கும். விரலால் இறுக்கி, நட்டுச் சாவியால் கால் சுற்று, அவ்வளவுதான். நடுவில் மெல்லிய றபர் வையுங்கோ. தேசிக்காய் போட்டுத் தேய்க்கிற வழக்கம் வேண்டாம், குரோம் வெடிச்ச இடத்தால் புளி இறங்கித் துத்தநாகத்தை அரிக்கும்.

புதுக்குடியிருப்பு
இதை வாசிச்சிட்டு ஒஸ்ரின் ஏ40 கார் வைச்சிருக்கிறவை குழம்பவேண்டாம். பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடின அந்தச் சோமர்செற், டெவன் கார்களில் பறக்கிற ‘ஏ’ சின்னம் பொனற்றில் இருக்கிறது, தண்ணி மூடி பொனற்றுக்குள்ளே. அந்த ‘ஏ’ ஆடினால் றேடியேற்றரைத் தொடாதேங்கோ. பொனற்றைத் திறந்து கீழிருந்து நட்டைப் பாருங்கோ, தகட்டில் கறல் அரிச்ச ஓட்டை பெருத்திருந்தால் 25 மி.மீ. அகல வாசர் ஒண்டு குடுங்கோ.

கிளிநொச்சி
பாத்தாச்சு. ஒற்றைத் தண்டு, கீறினால் மஞ்சள். ஆனால் மூடியும் கொஞ்சம் ஆடுது. வாசருக்கு மேலே சிலிக்கன் ஒரு சுற்றுப் பூசினால் தண்ணி தெறிக்காதுதானே?

வவுனியா
பூசாதேங்கோ தம்பி. செவினுக்கு அமுக்கத்தைப் பிடிச்சு வைக்கிற மூடி இல்லை, ஆவி போற வழி கழுத்திலே தொடங்கிற சின்னக் குழாய். சிலிக்கன் துண்டு ஒண்டு அதுக்குள்ளே விழுந்து அடைச்சால் ஆவிக்குப் போக இடமில்லை, பழைய தொட்டியின்ர ஈய ஒட்டுத்தான் முதலில் திறக்கும். 2 மி.மீ. செம்புக் கம்பி விட்டு அந்தக் குழாயைக் குத்திப் பாருங்கோ, வாயால் ஊதினால் கீழே காத்து வரவேணும். தண்ணி தெறிக்கிறது மூடியாலே இல்லை, கழுத்துமட்டும் நிரப்பிறதாலே. அந்தக் குழாயின் வாய்க்கு இரண்டு விரல் கீழே நிப்பாட்டுங்கோ. இன்னொண்டு, மூடியைத் திறக்கேக்கை பறவையைப் பிடிச்சு முறுக்கவேண்டாம், விளிம்பைப் பிடியுங்கோ. இந்த ஆட்டம் முக்கால்வாசி அந்த முறுக்கலாலே வாறதுதான்.