புயலுக்காகச் சேர்த்து வைக்கும் பெட்ரோல் எத்தனை மாதம் தாங்கும்?

தேவனாம்பட்டினத்தார்:
2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபின், கடலூரில் பல நாட்கள் மின்சாரமின்றித் தவித்தோம். அன்றிலிருந்து ஆண்டுதோறும் செப்டம்பரிலேயே ஜெனரேட்டருக்கு 20 லிட்டர் பெட்ரோல் வாங்கி வைத்துவிடுகிறேன். இரும்பு டின்னில் இறுக மூடி நிழலில் வைத்த பெட்ரோல் டிசம்பருக்குள் கெட்டுவிடும் என்று மெக்கானிக் அண்ணன் நேற்று எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை.

மஞ்சக்குப்பம் மெக்கானிக்:
ஐயா, எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் பறந்துவிடுவதால் பழைய பெட்ரோலில் இன்ஜின் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். எஞ்சியது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து பிசினாகத் திரளும். மழைக்காலத்தில் பட்டறைக்கு வரும் ஜெனரேட்டர்களின் கார்புரேட்டரை (பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) கழற்றினால், அதிலுள்ள கிண்ணத்தின் அடியில் தேன் நிறத்தில் அது ஒட்டியிருக்கும், வார்னிஷ் வாடை வீசும், பெட்ரோல் பாயும் ஊசிமுனை அளவேயான ஜெட் துளை அடைத்திருக்கும்.

தேவனாம்பட்டினத்தார்:
தாங்கள் காட்டுவது கிண்ணத்தில் காற்றுபடக் கிடந்த சில கரண்டிப் பெட்ரோலை. டின்னில் இருப்பதை அன்று. நம் நாட்டுத் தரநிர்ணயத்தின்படி, 100 டிகிரி வெப்பத்தில் ஆக்சிஜன் அழுத்தத்தில் வைத்தாலும் பெட்ரோல் ஆக்சிஜனோடு வினைபுரியத் தொடங்காமல் குறைந்தது 360 நிமிடம் தாக்குப்பிடிக்க வேண்டும். அத்தகைய பெட்ரோல் நிழலில் மூன்று மாதம் தாங்காதா?

வில்லியனூர் வாசகர்:
இருவருமே பெட்ரோலில் கலக்கும் ஆல்கஹாலான எத்தனாலை மறந்துவிட்டீர்கள். இப்போது பங்கில் கிடைப்பதில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது; அது நீரை ஈர்க்கும். காற்றின் ஈரம் மட்டும் டின்னுக்குள் புகுந்து கெடுக்க நெடுநாள் ஆகும் என்பது உண்மைதான். ஆனால் மூடி வழியே மழைநீர் போதிய அளவு இறங்கினால், எத்தனாலும் நீரும் சேர்ந்து அடியில் தனி அடுக்காகத் தங்கிவிடும், மேலே நிற்கும் பெட்ரோலின் ஆக்டேன், அதாவது இன்ஜினில் தட்டாமல் எரியும் திறன், குறைந்துவிடும். குலுக்கினாலும் அது பழைய நிலைக்குத் திரும்பாது. ஊற்றுவதற்கு முன் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் அசையாமல் வைத்துப் பாருங்கள். இடையே கோடு தெரிந்தால் அந்தப் பெட்ரோல் இன்ஜினுக்கு ஆகாது.

தேவனாம்பட்டினத்தார்:
நீர் பற்றிச் சொன்னது சரி. டின்னைத் தரையிலிருந்து உயர்த்தி வைக்கிறேன். பழையதை ஜனவரியில் ஸ்கூட்டருக்கு ஊற்றிவிடுவதும் என் வழக்கம். ஆனால் மூன்று மாதக் கணக்கை விட்டுத்தர மாட்டேன்.

மஞ்சக்குப்பம் மெக்கானிக்:
டின்னைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன், ஐயா. தகரக் கூரையின் கீழ் வெயிலில் காயும் ஜெனரேட்டர் டேங்கில் அரைகுறையாக நிற்கும் பெட்ரோலுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. அதை வடித்துவிட்டு, பெட்ரோல் குழாயின் டேப்பை மூடி, கிண்ணம் காலியாகும்வரை இன்ஜினை ஓடவிட்டு நிறுத்துங்கள்.