டி செல்கள் குடலைத் தேடிச் செல்வது எப்படி? ஒட்டுப் புரதங்களைப் பற்றி ஒரு கேள்வி

கேள்வி (முதுநிலை உயிர்வேதியியல் மாணவி):
வணக்கம். க்ரோன் என்னும் குடல் அழற்சி நோய்க்குத் தரப்படும் நடாலிசுமாப், வேடோலிசுமாப் ஆகிய இரண்டுமே இன்டெக்ரின் என்னும் ஒட்டுப் புரதத்தைத்தான் தடுக்கின்றன. அப்படியிருக்க, முன்னது சிலருக்கு மூளையில் கடுமையான தொற்றை உண்டாக்கியதும், பின்னதில் அந்த அச்சம் மிகக் குறைவாக இருப்பதும் எதனால்? இரத்தத்தில் ஓடும் டி செல் (நோயெதிர்ப்பு வெள்ளணு), தான் இறங்க வேண்டிய இடம் குடல்தான் என்று எப்படி அறிகிறது?

பதில் 1:
இன்டெக்ரின் இரண்டு சங்கிலிகளால் ஆனது என்பதிலிருந்து தொடங்கலாம். ஆல்ஃபா4 சங்கிலி பீட்டா7 உடன் இணைந்தால், குடலின் நுண்சிரைகளின் உட்சுவரில் இருக்கும் மேட்கேம்-1 புரதத்தைப் பற்றும். பீட்டா1 உடன் இணைந்தால், அழற்சியின்போது மூளை உட்படப் பல உறுப்புகளின் இரத்தக்குழாய்களில் மிகும் விகேம்-1 புரதத்தைப் பற்றும். நடாலிசுமாப் ஆல்ஃபா4 மீதே ஒட்டுவதால் இரண்டு வழிகளும் அடைபடுகின்றன. மூளைக்குள் டி செல்களின் கண்காணிப்பு தளர, அந்த மூளைத் தொற்றை உண்டாக்கும் ஜேசி வைரஸ் அங்கே பெருகிவிடுகிறது. 2005இல் திரும்பப் பெறப்பட்ட அம்மருந்து, 2006இல் கடும் கட்டுப்பாடுகளுடன் மீண்டும் வந்ததற்குக் காரணம் இதுதான். 2014இல் ஒப்புதல் பெற்ற வேடோலிசுமாப், ஆல்ஃபா4-பீட்டா7 இணையை மட்டுமே குறிவைக்கிறது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. குடலை அடுத்த நிணநீர்க் கணுக்களில் உள்ள, டி செல்களைத் தூண்டும் டென்ட்ரிடிக் செல்கள், வைட்டமின் ஏ-யிலிருந்து ரெட்டினோயிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. அங்கே தூண்டப்படும் டி செல் அந்த அமிலத்தின் விளைவாகவே ஆல்ஃபா4-பீட்டா7 இணையை மேற்பரப்பில் ஏந்துகிறது. அந்தச் செல் குடலின் நுண்சிரையை அடைந்ததும் முதலில் சுவரோடு உரசி உருள்கிறது. கீமோகைன் (செல்களை ஈர்க்கும் சிறு புரதம்) சமிக்ஞை கிடைத்தவுடன் மடங்கியிருந்த இன்டெக்ரின் நிமிர்ந்து மேட்கேம்-1ஐ இறுகப் பற்ற, செல் நின்று, சுவரைக் கடந்து திசுவுக்குள் நுழைகிறது.

பதில் 2:
நுழைந்தபின் தங்குவதற்கு வேறொரு பிடி தேவை. டிஜிஎஃப்-பீட்டா என்னும் சமிக்ஞைப் புரதத்தின் தூண்டலால் டி செல் ஆல்ஃபாஈ-பீட்டா7 இணையை ஏந்தி, குடற்சுவர்ச் செல்களை ஒன்றோடொன்று பிணைக்கும் ஈ-கேடெரினையே பற்றிக்கொள்கிறது. லிஸ்டீரியா பாக்டீரியமும் குடற்சுவருக்குள் புக இதே ஈ-கேடெரினைத்தான் பிடிக்கிறது. ஆனால் எலியின் ஈ-கேடெரினில் 16ஆம் இடத்து அமினோ அமிலம் மாறியிருப்பதால் அந்தப் பிடி அங்கே வாய்ப்பதில்லை. ஆகவே எலிச் சோதனையை வைத்து மனிதக் குடலைப் பற்றி முடிவுகட்டுவதில் எனக்கு எப்போதும் சற்றுத் தயக்கம் உண்டு.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் பீட்டா7 சங்கிலியைத் தடுத்தால் நுழைவு, தங்கல் இரண்டையும் ஒருசேர நிறுத்திவிடலாமே?

பதில் 1:
எட்ரோலிசுமாப் என்னும் மருந்து அந்த எண்ணத்தில் உருவானதுதான். ஆனால் மூன்றாம் கட்ட ஆய்வுகளில் முடிவுகள் ஒன்றுபோல் அமையவில்லை. ஏற்கெனவே திசுவில் குடியேறிவிட்ட செல்களை, நுழைவைத் தடுக்கும் மருந்து வெளியேற்றுவதில்லை என்பதையும் கருத வேண்டும். வேடோலிசுமாப் முழுப் பலன் தரப் பல வாரங்கள் பிடிப்பதற்கு அதுவே முக்கியக் காரணம் என்பது என் கருத்து.