பகலில் மாடுகள் கால் உதைக்கின்றன, இரவுப் பொறியில் அந்துப்பூச்சி மட்டுமே

கேள்வி:
வணக்கம். கொழும்பை அடுத்த கொலன்னாவையில் மாமா சில கறவை மாடுகளை வளர்க்கிறார். 2020இல் வடக்கில் மாடுகளின் தோலில் முடிச்சுகளை உண்டாக்கும் தோல் கழலை நோய் பரவியதிலிருந்து, அதைப் பரப்பக்கூடிய கடிக்கும் பூச்சிகளை நினைத்து அவருக்குப் பெருங்கவலை. கொட்டிலில் எவை நடமாடுகின்றன என்றறிய, புறஊதா மின்குமிழும் சிறு விசிறியும் பொருத்திய பொறியை இரவில் தொங்கவிடுகிறேன். அந்துப்பூச்சிகளும் வண்டுகளுமே விழுகின்றன. பகலிலோ மாடுகள் கால்களை ஓயாமல் உதைத்துக்கொண்டு நெருக்கியடித்து நிற்கின்றன, பாலும் குறைந்துவிட்டது. பொறியில் கோளாறு இருக்குமா?

பதில்:
பொறியில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. ஆடுமாடுகளைத் தாக்கும் நீலநாக்கு நோயைப் பரப்பும் கியூலிகாய்டிஸ் போன்ற, 1 முதல் 3 மில்லிமீற்றர் வரையான, அந்திக்குப் பின் பறக்கும் பூச்சிகளுக்கு அது உகந்தது. (வலைக்கண் பெரிதாயின் அவை நழுவிவிடும், அதையும் பாருங்கள்.) ஆனால் பகலில் கீழ்க்காலைக் கடிப்பது பெரும்பாலும் ஸ்டோமொக்ஸிஸ் எனும் கடிக்கும் இலையான் (ஈ). வீட்டு இலையானைப் போலவே தோன்றினாலும், தலையின் கீழிருந்து ஊசிபோன்ற விறைப்பான வாயுறுப்பு முன்னோக்கி நீண்டிருக்கும். ஆணும் பெண்ணும் இரத்தம் குடிக்கும். குடித்ததும் மாட்டை விட்டு வெயில்படும் சுவரில் போய் அமர்ந்துவிடுவதால், மாட்டின் மேல் தேடினால் சிலவே அகப்படும். நீலத் துணியில் ஒட்டும் பசை பூசி, பகலில் கொட்டிலின் வெளிப்புறத்தில் முழங்கால் உயரத்தில் கட்டிப் பாருங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி, அண்ணா. நீங்கள் சொன்ன ஊசி வாயைச் சுவரில் இருந்தவற்றில் கண்டேன். தண்ணீர்த் தொட்டியருகே சிறுநீரில் ஊறிய வைக்கோலைக் கிளறியபோது வெண்புழுக்களும் நெளிந்தன. மருந்து அடிக்கலாமா?

பதில்:
அந்த வைக்கோலை முதலில் அகற்றுங்கள், தம்பி. முட்டை முழு இலையானாக வெப்பமான காலத்தில் இரண்டு மூன்று கிழமைகள் போதும். ஆகவே வாரந்தோறும் ஈரச் சாணத்தையும் சிந்திய தீனியையும் வாரினால் அந்தச் சுற்று அறுந்துவிடும். கொண்டுபோக இடமில்லையெனில் குவித்துக் கறுப்புப் பொலித்தீனால் இறுக மூடுங்கள், உள்ளே எழும் வெப்பத்தில் புழுக்கள் மடியும். கறவை மாட்டில் எந்த மருந்தையும் கால்நடை வைத்தியரைக் கேட்காமல் அடிக்க வேண்டாம், பாலில் எச்சம் தங்கக்கூடும். கால் ஈரமானால் மருந்து கழுவப்பட்டும் போகும். காய்ச்சலுடன் தோலில் உருண்டையான முடிச்சுகள் தோன்றினால் அது தோல் கழலை நோயாக இருக்கலாம், அந்த மாட்டைத் தனியே கட்டிவிட்டு அன்றே வைத்தியருக்கு அறிவியுங்கள்.