கலைச்சொல் தேவை: ஆர்கனாய்டு (ஒப்புதல் படிவத்துக்கு, வியாழன் மாலைக்குள்)

தே. (மதுரை) எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். ஒரு மருத்துவமனை ஆய்வுக்காக நோயாளி ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பெருங்குடல் புற்றுநோய் அறுவையில் வெட்டி எடுத்த கட்டியில், நோயியல் சோதனைக்குப் போக மிஞ்சுவதில் ஒரு துண்டை ஆய்வகத்துக்குத் தரச் சம்மதமா என்று கேட்கும் படிவம். அந்தத் துண்டிலிருந்து ஆர்கனாய்டு (செல்களிலிருந்து ஆய்வகத்தில் வளரும், அமைப்பிலும் செயலிலும் ஓரளவு உறுப்பை ஒத்த மிகச் சிறிய திசு உருண்டை) வளர்த்து, எந்த மருந்துக்குக் கட்டி அடங்குகிறது என்று பார்ப்பார்கள். பக்கத்துக்குப் பத்துத் தடவையாவது இந்தச் சொல் வருகிறது. வெள்ளிக்கிழமை நெறிமுறைக் குழு கூடுகிறது.

மெட்டலாய்டுக்கு உலோகப்போலி என்று பாடநூலில் இருக்கிறதே என்ற தைரியத்தில் 'உறுப்புப்போலி' என்று போட்டுவைத்தேன். படித்துப் பார்த்தால் நெருடுகிறது: "உங்கள் திசுவிலிருந்து உறுப்புப்போலிகள் உருவாக்கப்படும்." இதைப் படித்துவிட்டு யார் கையெழுத்துப் போடுவார்கள்?

புலவர் ந. எழுதியது:

அம்மா, 'போலி'யைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஐந்து என்பதை அஞ்சு என்கிறோமே, அது முற்றுப்போலி. இல்முன் என்பது முன்றில் ஆனது இலக்கணப்போலி. இவற்றில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஒன்றின் இடத்தில் ஒன்று நின்று அதே பொருளைத் தருகிறது, அவ்வளவுதான். போலி மருத்துவர், போலிப் பத்திரம் என்று சொல்லைக் கெடுத்தது செய்தித்தாள்.

ஆனாலும் மக்கள் மிரள்வார்கள் என்றால் வேறு வழியா இல்லை? நன்னூல் உவம உருபுகளை வரிசையாகவே தருகிறது: போல, புரைய, ஒப்ப, உறழ, மான, கடுப்ப, இயைய, ஏய்ப்ப, நேர, நிகர, அன்ன, இன்ன. இதில் எதை எடுத்தாலும் ஒரு கலைச்சொல் கிடைக்கும். அன்ன என்பதை எடுத்தால் உறுப்பனை. (யாரும் பனைமரத்தைத் தேடிப் போகாதீர்கள்.) என் தேர்வு புரைய: உறுப்புப்புரை. பழமையும் உண்டு, செறிவும் உண்டு.

உறுப்பு என்ற சொல்லின் ஆழத்தையும் இளையவர்கள் பார்க்க வேண்டும். உறு என்றால் பொருந்து, சேர். உறவு, உறுதி, உறுப்பினர் எல்லாம் அந்த வேர். தொல்காப்பியம் செய்யுளுக்கு 34 உறுப்பு சொல்கிறது. வள்ளுவர் அன்பையே அகத்துறுப்பு என்றார்: "புறத்துறுப் பெல்லாம் எவன்செய்யும் யாக்கை அகத்துறுப் பன்பி லவர்க்கு." குடலும் ஈரலும் அவருக்கு அகத்துறுப்பு இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இதைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

மா. எழுதியது:

ஐயா, நான் வார்டில் வேலை பார்க்கிறேன். கண்புரை, புரையோடிய புண், இதுதான் எங்களுக்குத் தெரிந்த புரை. 'உறுப்புப்புரை வளர்ப்போம்' என்று நோயாளியிடம் சொன்னால், இன்னொரு வியாதியா என்று பக்கத்துக் கட்டிலில் இருப்பவரும் எழுந்து உட்காருவார்.

தே. அக்கா, படிவத்தில் 'திசு தானம்' என்று இருந்தால் அதையும் பாருங்கள். தானம் என்றாலே மூளைச்சாவுக்கு அப்புறம் கொடுப்பது என்று ஆகிவிட்டது. போன தடவை இந்த மாதிரி ஒரு தாளை நீட்டினதும், நோயாளியின் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தானம்னு எழுதியிருக்கே, அப்போ அவரு தேற மாட்டாரா?" என்று கேட்டார். 1994 உறுப்பு மாற்றுச் சட்டம் பேசுவது சிகிச்சைக்காக ஒருவர் உறுப்பை இன்னொருவருக்கு வைப்பதைப் பற்றி. இது மிஞ்சின திசு. 'கொடுப்பது' என்று எழுதினாலே போதும்.

வே. எழுதியது:

தானம் வடமொழி. கொடை என்க. கண்கொடை, குருதிக்கொடை, திசுக்கொடை. கண்ணப்பரே முதல் கண்கொடையாளர்.

மா. எழுதியது:

ஐயா, கொடை என்று போட்டாலும் அந்த அம்மா அதையேதான் கேட்பார்.

இர. (ஆய்வகம்) எழுதியது:

சொல்லைச் செதுக்குமுன் பொருளைப் பார்த்துக்கொள்வோம். கட்டித் துண்டை நறுக்கி, நொதி போட்டுச் சிறு சிறு செல் கூட்டங்களாகப் பிரிப்போம். அவற்றை மேட்ரிஜெல் என்ற கூழில் கலந்து, கிண்ணத்தில் சொட்டுச் சொட்டாக வைப்போம். அந்தக் கூழ் பனிக்கட்டி மேல் இருக்கும்வரை நீர்மம், 37 டிகிரியில் இறுகிவிடும். அதனால் பிப்பெட் முனையைக்கூடக் குளிரில் வைத்திருந்துதான் எடுக்கிறோம். ஒரு வாரத்தில் நுண்ணோக்கியில் பார்த்தால் வெந்த ஜவ்வரிசி மாதிரி உருண்டைகள் தெரியும். நல்ல குடல் திசுவிலிருந்து வளர்ந்தது பெரும்பாலும் உள்ளே வெற்றிடத்தோடு இருக்கும். கட்டியிலிருந்து வந்தது ஒழுங்கில்லாமல் அடைத்துக்கொண்டிருக்கும்.

2009-இல் நெதர்லாந்தின் உத்ரெக்த் நகரில், ஹான்ஸ் கிளெவர்ஸின் ஆய்வகத்தில் தோஷிரோ சாத்தோ எலிக் குடலின் ஒற்றைக் குருத்தணுவிலிருந்தே (ஸ்டெம் செல்) இப்படி வளர்த்துக் காட்டினார். குடல் சுவரின் மடிப்பும் குழியும் தாமாகவே அமைந்தன. 2013-இல் வியன்னாவில் மேடலின் லங்காஸ்டரும் யுர்கன் நோப்லிக்கும் மூளைத் திசுவை இப்படி வளர்த்தார்கள், சில மில்லிமீட்டர் அளவுக்கு. 2016-இல் ஜிகா வைரஸ் கருவின் மூளையை ஏன் சிறுக்க வைக்கிறது என்று தேடியபோது கைகொடுத்தவை இவைதான். வைரஸ் நரம்பு முன்னோடிச் செல்களைத் தாக்குவது இவற்றில் தெளிவாகத் தெரிந்தது.

ஆனால் ரத்தக்குழாய் கிடையாது. பெரிதாக வளர்ந்தால் நடுப்பகுதி செத்துப்போகும். குடல் ஆர்கனாய்டில் தசையும் இல்லை, நரம்பும் இல்லை. அதனால் குட்டி உறுப்பு, மினி உறுப்பு என்று மட்டும் வேண்டாம். 'குட்டி மூளை' என்று எழுதாதீர்கள் என்று இத்துறையினரே 2022-இல் சேர்ந்து ஒரு கட்டுரை போட்டார்கள்.

ஒரு கிளைக்கதை: 1907-இல் எச்.வி. வில்சன் கடற்பஞ்சைத் துணியில் வைத்துப் பிழிந்து செல்செல்லாகப் பிரித்துப்போட்டார். அவை தாமே கூடி மறுபடி கடற்பஞ்சாயின. ஆர்கனாய்டின் பாட்டன் அதுதான் என்பேன்.

வே. எழுதியது:

'தன்கூடி' என்று வைக்கலாமே?

சி. (யாழ்ப்பாணம்) எழுதியது:

நான் இளைப்பாறிய விஞ்ஞான ஆசிரியர். எங்கள் பாடநூல்களில் உறுப்பு இல்லை, அங்கம். செல் இல்லை, கலம். திசு இல்லை, இழையம். கலத்துக்குள் இருப்பது புன்னங்கம். நீங்கள் அதை நுண்ணுறுப்பு என்கிறீர்கள். ஆகவே நுண்ணுறுப்பு, சிற்றுறுப்பு என்று எவரும் இனி முன்மொழிந்தால் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அங்கவுரு என்றால் இரு கரைக்கும் பொருந்தும்.

வே. எழுதியது:

அங்கம் வடசொல். உருவும் ஐயத்துக்குரியது. ரூபத்தின் திரிபு என்பாரும் உளர்.

சி. எழுதியது:

தம்பி, நீங்கள் இதை எழுதியது எந்த விசைப்பலகையில், அதன் பெயருக்கு வேர் எங்கே என்று நான் கேட்கவில்லை. கலம், இழையம் என்ற நல்ல தமிழை விட்டுவிட்டுச் செல், திசு என்று எழுதுகிறவர்கள் அங்கத்தில் வந்து தூய்மை பார்ப்பதுதான் விளங்கவில்லை.

புலவர் ந. எழுதியது:

உரு தமிழா, ரூபத்தின் திரிபா என்பது பழைய வழக்கு. அதை இங்கே தீர்க்க முடியாது. இருந்தாலும் வேர்ப்பக்கம் சற்றுப் போய்ப் பார்ப்போம். உரு, உருவு, உருபு, உருவாரம்...

(இதன் தொடர்ச்சியாக வந்த மூன்று மடல்களைத் தனி இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். - மட்டுறுத்துநர்)

தே. எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. புதன் இரவு ஆகிவிட்டது. இப்போது கையில் இருப்பவை உறுப்புரு, அங்கவுரு, உறுப்பி, உறுப்புப்போலி, தன்கூடி. 'உறுப்பி' சின்னதாக, அழகாக இருக்கிறது. ஆனால் கணினி, கருவி மாதிரி ஏதோ எந்திரம் என்று தோன்றாதா?

புலவர் ந. எழுதியது:

தோன்றும். இகர ஈறு அங்கே வினைமுதலையோ கருவியையோ காட்டும். புரையைத் திரும்பப் பெறுகிறேன், செவிலியர் சொன்னது சரி. இதோ இறுதியாக: உறுப்பொப்பு. "உறுப்பொத்தல் மக்களொப் பன்றால்" என்கிறது குறள். உறுப்பால் ஒத்திருப்பது மனிதரை ஒத்திருப்பது ஆகாது. மூளை ஆர்கனாய்டுக்கு உணர்வு உண்டா என்று இன்று கேட்கிறார்களே, அதற்கு இந்த ஓர் அடி போதாதா?

இர. எழுதியது:

ஐயா, குறள் அபாரம். ஆனால் 'உறுப்பொப்பு மருந்துச் சோதனை' என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். நான் உறுப்புரு பக்கம்.

மட்டுறுத்துநர்:

இதுவரை கருத்துச் சொன்னவர்களில் பெரும்பாலோர் உறுப்புரு என்கிறார்கள், சிலர் அலுப்பில். சொற்பட்டியலில் அதையே ஏற்றுகிறேன். புலவர் ஐயாவின் மறுப்பும் ஆசிரியர் ஐயாவின் மறுப்பும் அடைப்பில் இருக்கும்.

தே. எழுதியது:

படிவம் போய்விட்டது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: படிவத்தில் உறுப்புரு இல்லை, ஆர்கனாய்டு என்றே வைத்தேன். பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் தகவல் இருக்க வேண்டும் என்று ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறை சொல்கிறது. அவருக்கு உறுப்புருவும் புதுசு, ஆர்கனாய்டும் புதுசு. ஆனால் நாளைக்கு மருத்துவர் வாயிலிருந்து வரப்போவது ஆர்கனாய்டு. முதல் முறை வரும் இடத்தில் இப்படி எழுதினேன்:

"உங்களிடமிருந்து எடுத்த கட்டியின் செல்களை ஆய்வகத்தில் வளர்த்தால், அவை சேர்ந்து மிகச் சிறிய உருண்டைகளாகும். இவற்றை ஆர்கனாய்டு என்பார்கள். இவை முழு உறுப்புகள் அல்ல. இதற்காக உங்கள் உடலிலிருந்து கூடுதலாக எதுவும் எடுக்கப்படாது. இவற்றைப் பல ஆண்டுகள் உறைநிலையில் வைத்திருக்க முடியும். இவற்றில் உங்கள் மரபணுத் தகவல் இருக்கும்."

தானம், கொடை இரண்டும் இல்லை. 'கொடுக்கச் சம்மதிக்கிறேன்' என்று முடித்தேன்.

மா. எழுதியது:

இதை என்னால் வாசித்துக் காட்ட முடியும். 'உறைநிலை' மட்டும் கேள்வி வரும். ஐஸில் வைப்பது என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

வே. எழுதியது:

ஆக, ஐந்து நாள் விவாதித்துவிட்டு ஆங்கிலத்திலேயே எழுதிவிட்டோம்.

புலவர் ந. எழுதியது:

படிவம் போகட்டும், அது நோயாளிக்கானது. பட்டியலைப் பற்றித்தான் என் மறுப்பு. உறுப்புரு என்றால் உறுப்பின் வடிவம் என்று ஆகிறது. இர. விவரித்ததோ வெறும் உருண்டை. உறுப்பின் வடிவம் அதில் எங்கே இருக்கிறது? அங்கே ஒத்திருப்பது அமைப்பும் செயலும். 'ஒப்பு' மூன்றையும் தாங்கும், 'உரு' ஒன்றைத்தான் தாங்கும். இதற்கு ஒருவரும் விடை சொல்லவில்லை.

இர. எழுதியது:

அதில் நியாயம் இருக்கிறது ஐயா. ஆனால் பட்டியலை மறுபடி திறக்க எனக்குத் தெம்பில்லை. இரண்டு வகை ஆர்கனாய்டுகளை ஒட்டி வளர்ப்பதற்கு அசெம்பிளாய்டு என்று பெயர். வகுப்பில் அதற்கும் ஒரு சொல் கேட்கிறார்கள்.

சி. எழுதியது:

கூட்டங்கவுரு.