தம்பிக்கு வரும் வீட்டுப் பராமரிப்பு தரமானதுதானா, எதை வைத்துப் பார்ப்பது?

தம்பியின்அக்கா:
வணக்கம். தம்பிக்கு வயது 22. கழுத்துப் பகுதியில் தண்டுவடக் காயம். சக்கர நாற்காலி, நிரந்தரக் கத்தீட்டர் (சிறுநீர்க் குழாய்), படுக்கையிலிருந்து மாற்ற ஹாயிஸ்ட் (ஆளைத் தூக்கி மாற்றும் கருவி). காலை 2 மணி நேரமும், மாலை 5.30 முதல் 8.30 வரையும் ஒரு நிறுவனத்தின் பராமரிப்பாளர்கள் வருகிறார்கள். மாத அறிக்கையில் எல்லாக் கட்டத்திலும் டிக். தம்பியைக் கேட்டால் "பரவாயில்லை" என்பதோடு சரி. அடுத்த மாதம் மறுஆய்வுக் கூட்டம். எதையெல்லாம் பார்த்து எழுதி எடுத்துப்போக வேண்டும்? உடம்பைப் பார்த்துக்கொள்வது மட்டுமல்ல, இந்த வயதுக்கு வேண்டியது கிடைக்கிறதா என்றும் தெரிய வேண்டும்.

இரவுப்பணித்தாதி:
மாத அறிக்கையை ஓரமாக வையுங்கள். தினக்குறிப்பு நோட்டு, மருந்துத் தாள், வந்துபோன நேரப் பதிவு மூன்றையும் 4 வாரத்துக்கு எடுத்து அருகருகே வைத்துப் படியுங்கள். "குளிப்பாட்டியாச்சு, நன்றாக இருந்தார்" என்று நாள்தோறும் ஒரே வரி இருந்தால் அது குறிப்பே அல்ல. நல்ல குறிப்பு இப்படி இருக்கும்: "இடது குதிகாலில் சுண்டுவிரல் நுனி அளவு நிறமாற்றம், அழுத்தினால் வெளுக்கவில்லை. குதிகால் படுக்கையில் படாதபடி காலுக்கடியில் தலையணை வைத்தோம்." அன்று மாலைக் குறிப்பில் அந்தக் குதிகாலைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையா? அப்படியானால் காலையில் வந்தவர் சொன்னது மாலையில் வருபவருக்குப் போய்ச் சேரவில்லை.

அழுத்தி விட்டும் வெளுக்காத சிவப்பு, அழுத்தப் புண்ணின் முதல் நிலை. கருத்த தோலில் சிவப்பு தெரியாமலே போகலாம். பக்கத்துத் தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். வால் எலும்பு, உட்காரும் எலும்புகள், இடுப்பின் பக்கங்கள், குதிகால் இவை தினமும் பார்க்க வேண்டிய இடங்கள். நாற்காலியில் இருக்கும்போது 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறை சாய்த்தோ நகர்த்தியோ பாரம் மாற்ற வேண்டும். பராமரிப்பாளர் இல்லாத நேரத்தில் இதை யார் செய்கிறார்கள் என்று பராமரிப்புத் திட்டத்தில் எழுதியிருக்கிறதா பாருங்கள்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. மார்புப் பகுதியின் 6வது தண்டுவட மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் இருந்தால், கத்தீட்டர் மடங்கி அடைத்தாலே ரத்த அழுத்தம் திடீரென ஏறலாம். இது ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா. மண்டை பிளக்கும் தலைவலி, முகச்சிவப்பு, காயத்துக்கு மேலே வியர்வை. மேல் அளவு வழக்கத்தைவிட 20 முதல் 40 வரை கூடினாலே ஆபத்து. இவர்களுக்கு வழக்கமான அளவே குறைவு என்பதால் 130 என்பதைப் பார்த்து "நார்மல்" என்று விட்டுவிடுகிறார்கள். வருகிற ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்: "அப்படி வந்தால் முதலில் என்ன செய்வீர்கள்?" நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, குழாயும் பையும் பார்ப்பேன், அடங்காவிட்டால் உடனே அவசர உதவியைக் கூப்பிடுவேன் என்று வர வேண்டும். "படுக்க வைப்பேன்" என்று சொல்பவரைத் தனியாக விடாதீர்கள்.

அட்டவணைக்காரர்:
நேரப் பதிவில் பார்க்க இரண்டு விஷயம். ஒன்று, 4 வாரத்தில் எத்தனை வேறு வேறு முகங்கள் வந்தன. அடிக்கடி புது ஆள் என்றால் உங்கள் தம்பி தினமும் தன் உடம்பைப் பற்றி முதலிலிருந்து பாடம் எடுக்க வேண்டியிருக்கும். இரண்டு, நின்ற நேரம். 2 மணி நேரத்துக்குப் பணம் வாங்கிக்கொண்டு 80 நிமிடத்தில் கிளம்புவது சராசரியில் மறைந்துவிடும். கிழமை வாரியாகப் பிரித்தால் ஞாயிறு, விடுமுறை நாட்களில் கையும் களவுமாகச் சிக்கும். ஹாயிஸ்ட் துணியின் தையல் பிரிந்திருக்கிறதா, இரண்டு பக்கமும் ஒரே நிற வளையத்தில் மாட்டுகிறார்களா என்பதையும் ஒரு முறை நின்று பாருங்கள்.

சக்கரப்பாதை:
மேலே சொன்னதெல்லாம் அவசியம். ஆனால் 8.30க்குப் பராமரிப்பாளர் கிளம்புகிறார் என்றால் 22 வயது ஆள் தினமும் 8.30க்குள் படுக்கையில். உங்கள் ஏற்பாட்டில் எனக்குப் படுகிற பெரிய குறை இதுதான். டிக் போடும் எந்தத் தாளிலும் இது வராது.

"பரவாயில்லை" என்ற பதில் கேள்வியால் வருகிறது. "எப்படி இருக்கு?" என்று கேட்காமல் சின்னதாகக் கேட்க வேண்டும்: நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாய், அதை யார் முடிவு செய்தது? சட்டையை யார் எடுத்தது? கதவைத் தட்டிவிட்டு வருகிறார்களா? கடைசியாக நண்பர்களோடு வெளியே போனது எப்போது? பராமரிப்பாளரும் வீட்டாரும் இல்லாத நேரத்தில், அவர் நம்புகிற வேறொருவர் கேட்டால் நல்லது. அவர் வயதுவந்தவர், அந்த நோட்டு அவருடையது. நீங்கள் படிப்பதற்கு முன்பும் அவர் சம்மதம் வேண்டும்.

வேலை வாரியாக உதவியின் அளவையும் குறியுங்கள்: தானே செய்கிறார், வாயால் நினைவூட்டினால் போதும், கைகொடுத்தால் செய்கிறார், முழுக்கப் பிறர் செய்கிறார்கள். கைப்பட்டியில் பிரஷ்ஷைச் செருகித் தானே பல் தேய்த்தவருக்கு இப்போது பிறர் தேய்த்துவிட்டால், பெரும்பாலும் காரணம் அவசரம். ஆனாலும் உடல்நிலை மாறியிருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இலக்கு எவ்வளவு எட்டியது என்று பார்க்க 1968ல் வந்த ஓர் அளவுமுறை உண்டு (Goal Attainment Scaling). −2 முதல் +2 வரை, நடுவில் 0 என்பது எதிர்பார்க்கும் இலக்கு. அவர் சொல்லும் இலக்கையே எடுங்கள். வெளியே போவதே இல்லை என்ற இன்றைய நிலை −2, மாதம் ஒரு முறை −1, வாரம் ஒரு முறை 0, இரு முறை +1, மூன்று முறை +2. அடுத்த மறுஆய்வில் "முன்னேற்றம் உண்டு" என்று யாரும் பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது.

தம்பியின்அக்கா:
மிக்க நன்றி. நோட்டைப் படிக்கத் தம்பி சம்மதித்துவிட்டான். குறை சொன்னால் இருக்கிற நல்ல ஆளையும் மாற்றிவிடுவார்களோ என்பதுதான் பயம்.

அட்டவணைக்காரர்:
ஆளைப் பற்றி எழுதாமல் ஏற்பாட்டைப் பற்றி எழுதுங்கள். தேதி, திட்டத்தில் இருப்பது, நடந்தது, கேட்பது, எப்போதைக்குள். உதாரணம்: "திட்டத்தில் மாலை 3 மணி நேரம். கடந்த 4 ஞாயிறுகளிலும் 2 மணி நேரத்துக்குக் குறைவு. வாரத்தில் 2 நாள் மாலை நேரத்தை 7.30–10.30 ஆக மாற்ற வேண்டும், அடுத்த அட்டவணையிலிருந்து." நன்றாக வேலை செய்பவரின் பெயரைத் தனி வரியில் எழுதி, அவரே தொடர வேண்டும் என்று தம்பி கேட்பதாகப் பதியுங்கள். தவறிய மருந்து, காரணம் தெரியாத காயம், டிஸ்ரிஃப்ளெக்ஸியா தெரியாத ஆள், இந்த மூன்றையும் கூட்டம் வரை வைத்திருக்காதீர்கள். அன்றைக்கே எழுத்தில் அனுப்பி, கிடைத்ததற்குப் பதில் வாங்குங்கள்.