சாலையோர வரலாற்றுப் பலகைகள்: உங்களை இன்றும் உறுத்துவது எது?

வழிப்போக்கன்:
ரஷ்மோர் மலையிலிருந்து யெல்லோஸ்டோனுக்குக் காரில் போகும் நம்மவர்கள் பலர் வயோமிங்கில் ஃபெட்டர்மன் நினைவுத்தூணைப் பார்த்திருப்பீர்கள். மொன்டானா தங்கவயல்களுக்குச் செல்லும் போஸ்மன் பாதையைக் காக்க வந்து ஃபில் கேர்னி கோட்டையில் தங்கியிருந்த, கேப்டன் ஃபெட்டர்மன் தலைமையிலான அமெரிக்கப் படையினர், 1866 டிசம்பர் 21 அன்று, ஓடுவதுபோல் பாசாங்கு செய்த ஒரு சிறு கூட்டத்தைத் துரத்திக்கொண்டு மலைமுகட்டைக் கடந்து போய், அங்கே மறைந்திருந்த லக்கோட்டா, செயென், அரபாஹோ பூர்வகுடி வீரர்களிடம் சிக்கி 81 பேர் மாண்ட கதையை நான் இங்கே விரிக்க வேண்டியதில்லை. கற்களை அடுக்கிக் கட்டிய அந்தத் தூணில் உள்ள வெண்கலப் பட்டயம், ஒருவரும் உயிர் பிழைக்கவில்லை என்று முடிகிறது. எந்த ஊரில் கல்வெட்டைக் கண்டாலும் நின்று படிக்கும் என் மாமனார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டு, "அப்படியானால் ஜெயித்தவர்களும் செத்துவிட்டார்களா, மாப்பிள்ளை?" என்று கேட்டார். நான் காரைத் திறந்துவிட்டேன்; பதில் சொல்லவில்லை.

சமவெளி:
வழிப்போக்கன் அவர்கள் கடைசி வரியோடு நின்றுவிட்டார். அதே பட்டயம் லக்கோட்டா தலைவர் ரெட் கிளவுட்டின் தலைமையில் தாக்குதல் நடந்ததாகக் கூறுகிறது; அவர் அன்று களத்தில் இருந்தாரா என்பதிலேயே ஆய்வாளர்களிடம் ஒருமித்த கருத்து இல்லை. 1868 ஒப்பந்தத்தின்படி ராணுவம் அந்தக் கோட்டையைக் கைவிட்டுப் போனது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் மாமனாருக்குப் பதில் கிடைக்கும்.

என்னை உறுத்துவது கொலராடோவின் சாண்ட் கிரீக். 1864 நவம்பர் 29 அன்று, தன் கூடாரத்தின்மேல் அமெரிக்கக் கொடியையும் வெள்ளைக் கொடியையும் ஏற்றியிருந்த செயென் தலைவர் பிளாக் கெட்டிலின் குடியிருப்பைக் கர்னல் சிவிங்டனின் படை தாக்கியது. இறந்தவர்கள் ஏறத்தாழ 230 பேர். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியோர். ஈட்ஸ் ஊரிலிருந்து 96ஆம் எண் சாலையில் கிழக்கே வந்து அந்த இடத்துக்குத் திரும்பும் முனையில் இருக்கும் ஊரின் பெயர் என்ன தெரியுமா? சிவிங்டன்! கொன்றவனின் பெயர்ப்பலகையைப் பார்த்துத்தான் இண்டிகேட்டர் போட வேண்டியிருக்கிறது. உள்ளே மேட்டின்மேல், 1950இல் உள்ளூர்க்காரர்கள் நட்ட கல் அந்த இடத்தைப் போர்க்களம் என்கிறது. சுட மறுத்துத் தன் வீரர்களையும் தடுத்து, பின்னர் விசாரணையில் சாட்சியமும் அளித்த கேப்டன் சைலஸ் சோல், 1865 ஏப்ரலில் டென்வர் தெருவில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவருக்கு அந்த நகரில் தனியாக ஒரு பலகை உண்டு.

லப்பக்வாசி:
டெக்சஸின் வடமேற்கில், 1875இல் சரணடைந்த கொமான்ஷே தலைவர் குவானா பார்க்கரின் நினைவாக, 20 அடிக்கு மேல் உயரமான இரும்பு அம்புகளைச் சாலையோரங்களில் நட்டிருக்கிறார்கள். பருத்திக் காட்டின் ஓரத்தில், வானத்திலிருந்து எய்தது போல் தலைகுப்புறக் குத்தி நின்ற ஓர் அம்பைக் கண்டு வண்டியை நிறுத்தினேன். என் அனுபவம் அவ்வளவுதான்.

ஆனால் இருவருக்கும் ஒரு யோசனை. எந்தப் பலகையானாலும் முதலில் அடியில் உள்ள ஆண்டையும், நிறுவியவர் பெயரையும் படியுங்கள். டெக்சஸில் மெக்சிகோவிடமிருந்து பெற்ற விடுதலையின் நூற்றாண்டு விழாவுக்காக 1936இல் நட்ட கருங்கற்களின் தொனி வேறு, அண்மையில் வைத்த அலுமினியப் பலகைகளின் தொனி வேறு. வண்டியை ஓட்டிக்கொண்டே படிக்க முயலாதீர்கள். சாலையைவிட்டு முழுவதுமாக இறங்கி நிறுத்துங்கள். வெயில் நேர் எதிரே விழும்போது பொறித்த எழுத்து தெரியாது, பக்கவாட்டில் விழும் காலையிலோ மாலையிலோ படமெடுங்கள். சாண்ட் கிரீக் போகிறவர்கள் ஈட்ஸிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். கடைசிப் பகுதி மண்சாலை, மழை பெய்த மறுநாள் சிறிய காரில் போகாதீர்கள்.